எந்த கான்ஃபரன்ஸின் கிளாஸ் பெரியது? காலேஜ் ஃபுட்பால் ரெக்ரூட்டிங் ரேங்கிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் முதல் புதன்கிழமை நெருங்கினால் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடும், எறியும் ஆட்டம்) ரசிகர்களிடையே ஒரே வாக்குவாதம்தான்: இந்த வருஷம் யார் கை ஓங்கியிருக்கிறது, எஸ்இசி-யா, பிக் டென்னா? இவை கான்ஃபரன்ஸ்கள், அதாவது பெரும்பாலும் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள். ஒரே ரேங்கிங் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் தாங்கள்தான் முன்னால் இருப்பதாகச் சொல்லலாம். அதற்கு இடம் கொடுக்கும்படிதான் அந்தப் பட்டியலே இருக்கிறது. அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

ரெக்ரூட்டிங் கிளாஸ் என்றால் என்ன?

ஒரே ஆண்டில் ஹைஸ்கூல் முடித்து ஒரு கல்லூரி அணியில் சேரும் வீரர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த அணியின் அந்த ஆண்டு கிளாஸ். 2026-இல் பள்ளி முடிப்பவர்கள் 2026 கிளாஸ். அவர்களில் பெரும்பாலோர் 2025 டிசம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐபிஎல் ஏலத்தில் அணிதான் வீரரை எடுக்கும். இங்கே வீரர்தான் அணியை எடுக்கிறார். அதனால்தான் கோச்சுகள் வருஷம் முழுக்கப் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள், பையனின் வீட்டுக்கே போய்ப் பெற்றோரிடம் பேசுகிறார்கள். கடைசியில் பள்ளி ஜிம்மில் ஒரு மேஜை போட்டு, மூன்று நான்கு கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்து, பையன் அதில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். அந்த நொடியில் ஒரு கான்ஃபரன்ஸுக்கு லாபம், இன்னொன்றுக்கு நஷ்டம்.

அதுவரை சொன்னதெல்லாம் வாய்ச்சொல். 2025 கிளாஸின் நம்பர் ஒன் வீரர் பிரைஸ் அண்டர்வுட், எஸ்இசி-யின் எல்எஸ்யு கல்லூரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். 2024 நவம்பரில் மனம் மாறி, சொந்த மாநிலத்தின் மிச்சிகனுக்குப் போனார். மிச்சிகன் இருப்பது பிக் டென்னில்.

வீரரின் தரத்தைச் சொல்லும் ஸ்டார்களை யார் கொடுக்கிறார்கள்?

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஆன்3, ஈஎஸ்பிஎன் ஆகிய நிறுவனங்கள். இவற்றில் ரைவல்ஸை 2025-இல் ஆன்3 வாங்கிவிட்டது. ஆட்ட வீடியோ, பயிற்சி முகாம்களில் நேரில் பார்த்தது, அளந்து சரிபார்த்த உயரம், எடை, ஓட்ட வேகம் இவற்றை வைத்து ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பெண். ஐந்து ஸ்டார் வாங்குவோர் ஆண்டுக்கு ஏறக்குறைய முப்பது பேர்தான். தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள். அதற்கு ஈடாகத்தான் 247ஸ்போர்ட்ஸ் இந்த அளவை வைத்திருக்கிறது. நான்கு ஸ்டார் 300 பேருக்கு மேல். மிச்சம் பெரும்பாலும் மூன்று ஸ்டார். நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர் ஹைஸ்கூலில் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மூன்று ஸ்டாரே சாதாரண விஷயமில்லை என்பது விளங்கும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் மதிப்பீடு மாறும். அதனால் பலவற்றையும் கலந்து சராசரி எடுக்கும் 247ஸ்போர்ட்ஸ் காம்போசிட்டைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நீங்களும் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஒரு தளத்தின் எண்ணும் இன்னொன்றுக்கு வேறு தளத்தின் எண்ணும் எடுத்தால் ஒப்பீடே கிடையாது.

அணியின் மொத்தப் புள்ளி எப்படி வருகிறது?

வீரர்களின் மதிப்பெண்களை அப்படியே கூட்டுவதில்லை. காம்போசிட் முறையில் கிளாஸின் சிறந்த வீரருக்கு முழு எடை. அடுத்தவருக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்தவருக்கு இன்னும் குறைவு என்று மணி வடிவ வளைவின் ஒரு பக்கம் போலச் சரிந்துகொண்டே போகும். இருபதாவது, இருபத்தைந்தாவது ஆள் சேர்ப்பது மிகச் சொற்பம். ஆள் எண்ணிக்கையை ஏற்றியே மேலே வந்துவிடக் கூடாது என்பதற்காக இப்படி.

ஆனாலும் எண்ணிக்கை ஓரளவு உதவத்தான் செய்கிறது, ஏனென்றால் யாரும் பூஜ்யம் சேர்ப்பதில்லை. கலிஃபோர்னியாவின் யுஎஸ்சி கல்லூரியின் 2026 கிளாஸைப் பாருங்கள். 35 பேரைச் சேர்த்து முதலிடம் பிடித்தது. எஸ்இசி-க்கு வெளியே இருக்கும் ஓர் அணி அந்த இடத்துக்கு வந்தது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, எனவே அது பெரிய சாதனைதான். ஆனால் இருபது சொச்சம் பேரை எடுத்த அணியோடு அதை ஒப்பிடும்போது மொத்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஒரு வீரருக்குச் சராசரி' என்ற கட்டத்தையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அந்தக் கட்டம்தான்.

சரி, கான்ஃபரன்ஸ்களை எப்படி ஒப்பிடுவது?

மொத்தப் புள்ளியைக் கூட்டாதீர்கள். 2024 முதல் பிக் டென்னில் 18 அணிகள், எஸ்இசி-யில் 16, ஃபுட்பாலில் ஏசிசி 17, பிக் 12-இல் 16. கூட்டினால் ஆள் பலம்தான் தெரியும், தரம் தெரியாது.

சராசரி எடுப்பது அதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கற்பனையாக இரண்டு கான்ஃபரன்ஸ்களை எடுத்துக்கொள்வோம், இரண்டிலும் 16 அணிகள். முதலாவதில் 3 அணிகளுக்குத் தலா 300 புள்ளி, மிச்சம் 13 அணிகளுக்குத் தலா 200. சராசரி கிட்டத்தட்ட 219. இரண்டாவதில் 16 அணிகளுக்கும் தலா 219. சராசரி இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் முதலாவதில் தேசியப் பட்டத்துக்கு மோதக்கூடிய மூன்று அணிகள் இருக்கின்றன, மற்றவை அவற்றிடம் அடிவாங்கும். இரண்டாவதில் எந்தச் சனிக்கிழமையும் யாரும் யாரையும் வெல்லலாம், ஆனால் பட்டம் வெல்லும் அளவுக்கு ஆள் பலம் ஒருவரிடமும் இல்லை. சராசரி இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது.

அதனால் அணிகளைப் புள்ளிவாரியாக வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். 16 அணிகள் என்றால் எட்டாவதும் ஒன்பதாவதும். எஸ்இசி-யின் நடு அணியையும் பிக் டென்னின் நடு அணியையும் பக்கத்தில் வைத்தால் உண்மையான இடைவெளி கண்ணில் படும். பிக் டென்னில் ஒஹாயோ ஸ்டேட், ஆரிகன், யுஎஸ்சி, மிச்சிகன், பென் ஸ்டேட் என்று மேல்தட்டு எஸ்இசி-யோடு தோளுக்குத் தோள் நிற்கும். அதற்குக் கீழே வந்ததும் சரிவு செங்குத்து. எஸ்இசி-யில் அந்தச் சரிவு மெதுவாக இருக்கும்: கான்ஃபரன்ஸுக்குள் ஏழாவது, எட்டாவது இடத்தில் நிற்கும் அணியே தேசிய அளவில் முதல் 25-க்குள் இருப்பது அங்கே வழக்கம். எஸ்இசி-யின் பலம் என்று நான் சொல்வது இதைத்தான், ஜார்ஜியாவும் அலபாமாவும் முதல் ஐந்தில் இருப்பதை அல்ல.

இதோடு ஒரு வருஷத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். களத்தில் இறங்கும் அணி நான்கு கிளாஸ்களின் கலவை. கோச் மாறிய வருஷம் கிளாஸ் சுருங்கும், அடுத்த வருஷம் வீங்கும். நான்கு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும்.

நோட்ர டேமை எதில் சேர்ப்பது?

எதிலும் சேர்க்கக் கூடாது. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் ஏசிசி-தான், ஆனால் ஃபுட்பாலில் தனி அணி. ஏசிசி-யின் கணக்கைக் கொஞ்சம் நிமிர்த்த அதை உள்ளே இழுப்பவர்கள் உண்டு, அது தவறு.

எஸ்இசி ஏன் ஆண்டுதோறும் மேலே இருக்கிறது?

முதல் காரணம் மண். டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, லூசியானா, அலபாமா என நல்ல வீரர்கள் அதிகம் விளையும் மாநிலங்கள் எல்லாமே எஸ்இசி கல்லூரிகளின் வாசலில் இருக்கின்றன. அங்கே வெள்ளிக்கிழமை இரவு ஹைஸ்கூல் ஆட்டத்துக்கு ஊரே கூடும். வசந்த காலத்திலும் பள்ளிகளில் பயிற்சி நடக்கும். கலிஃபோர்னியா ஒன்றுதான் இந்த அளவுக்கு வீரர்களைத் தரும் பெரிய வெளி மாநிலம், அதை யுஎஸ்சி-யும் ஆரிகனும் இப்போது பிக் டென்னுக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

இரண்டாவது காரணம் வெற்றி. 2006 சீசனிலிருந்து 2012 வரை தொடர்ந்து ஏழு தேசியப் பட்டங்கள் ஃப்ளோரிடா, எல்எஸ்யு, அலபாமா, ஆபர்ன் என்று எஸ்இசி-க்குள்ளேயே சுற்றின. பதினேழு வயதுப் பையனுக்கு என்எஃப்எல்-தான் கனவு. அதற்குக் குறுக்கு வழி எது என்று அவன் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தான். நிக் சேபன் அலபாமாவின் கோச்சாக இருந்த காலத்தில் அவர்களுடைய கிளாஸ் முதலிடத்துக்கு வராவிட்டால்தான் செய்தி.

அப்படியானால் 2023, 2024, 2025 பட்டங்கள் மூன்றும் பிக் டென்னுக்கு எப்படிப் போயின?

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வியும் இதுதான். மூன்றும் மூன்று விதமான பதில்.

2023-இல் மிச்சிகன். அவர்களுடைய கிளாஸ்கள் அலபாமா, ஜார்ஜியா அளவுக்கு மேலே இருந்ததில்லை. ஆனால் எடுத்த வீரர்களை வெளியே விடாமல் மூன்று நான்கு வருஷம் வளர்த்தார்கள். முதிர்ந்த அணி அது.

2024-இல் ஒஹாயோ ஸ்டேட். ரெக்ரூட்டிங்கிலும் மேலே, அதற்கு மேல் மற்றவர்கள் எடுத்து வளர்த்த வீரர்களும் வந்தார்கள். சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றதும் அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ் வந்தார். ஓல் மிஸ்ஸிலிருந்து ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) குவின்ஷான் ஜட்கின்ஸ். கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வில் ஹவர்ட். அலபாமாவில் அப்போதுதான் சேர்ந்திருந்த குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயினும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறினார். ரேங்கிங்கில் இதை எப்படிப் படிப்பது? டவுன்ஸின் ஐந்து ஸ்டார் அலபாமாவின் 2023 கிளாஸ் கணக்கில்தான் இன்றும் நிற்கிறது. அவர் பட்டம் வென்றதோ பிக் டென்னில்.

2025-இல் இண்டியானா. இதுதான் எல்லோரையும் உலுக்கியது. பல காலம் பிக் டென்னின் அடிமட்டத்தில் கிடந்த அணி. ஹைஸ்கூல் கிளாஸ் ரேங்கிங்கில் மேலே பார்க்கவே முடியாது. கர்ட் சிக்னெட்டி 2024-இல் பொறுப்பேற்றபோது முன்பு கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வீரர்கள் அவரோடு வந்தார்கள். அடுத்த ஆண்டு 'கால்' என்று அழைக்கப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மென்டோசா வந்தார். ஹைஸ்கூல் முடிக்கும்போது யேல் போவதாக இருந்த பையன், பெரிய அணிகள் கண்டுகொள்ளாதவர். ஆண்டின் சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் விருதை அவர் வாங்கினார். இண்டியானா ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியது.

ப்ளூ சிப் ரேஷியோ என்கிறார்களே, அது என்ன?

பட் எலியட் என்ற எழுத்தாளர் முன்வைத்த கணக்கு. கடந்த நான்கு கிளாஸ்களில் நான்கு, ஐந்து ஸ்டார் வீரர்கள் பாதிக்கு மேல் இருந்தால்தான் தேசியப் பட்டம் கைகூடும் என்பது அதன் சாரம். டிரான்ஸ்ஃபரில் வந்தவர்கள் இதில் சேர மாட்டார்கள். எளிமையான கணக்கு, ஆனால் ஆண்டுக்கணக்கில் பொய்த்ததே இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டாமல் இறுதி ஆட்டம் வரை வந்த டிசியு-வை 2023 ஜனவரியில் ஜார்ஜியா 65-7 என்று நொறுக்கியது. அடுத்த ஆண்டு வாஷிங்டன் மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றது. இண்டியானாதான் அந்த விதியை உடைத்தது, அதுவும் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வராமல்.

கான்ஃபரன்ஸ் ஒப்பீட்டுக்கு இது இன்னும் பயன்படும். இந்தக் கோட்டைத் தாண்டிய அணிகள் எந்தெந்த கான்ஃபரன்ஸில் எத்தனை என்று எண்ணினால் போதும். பெரும்பங்கு எஸ்இசி, அடுத்து பிக் டென். ஏசிசி-யில் கிளெம்சன், மயாமி போன்ற ஒரு சிலர். டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2024-இல் எஸ்இசி-க்குப் போன பிறகு 2025 வரை பிக் 12-இல் ஒருவரும் இல்லை.

மிகச் சிறந்த கிளாஸ் எடுத்தும் தோற்றவர்கள் உண்டா?

டெக்சஸ் ஏ அண்ட் எம், 2022. காம்போசிட் கணக்கில் அதுவரை பதிவான எல்லாக் கிளாஸ்களையும் மிஞ்சிய புள்ளி. அந்த ஆண்டே சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்றார்கள். சீசன் 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பினார்கள், ஒப்பந்தத்தை முறித்ததற்காக ஏறத்தாழ 7.6 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. கிளாஸ் சிதறியது: வால்டர் நோலன் ஓல் மிஸ்ஸுக்கு, எவன் ஸ்டூவர்ட் ஆரிகனுக்கு, எல்டி ஓவர்டன் அலபாமாவுக்கு, குவார்ட்டர்பேக் கானர் வைக்மன் ஹியூஸ்டனுக்கு.

இதைச் சொல்லி ஸ்டார்களே வெட்டிவேலை என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2025 என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றைப் பாருங்கள். 16-ஆவது இடத்தில் நோலன். அதற்கு அடுத்த இடத்தில், 17-ஆவதாக, ஏ அண்ட் எம்-மிலேயே கடைசி வரை இருந்த ஷெமார் ஸ்டூவர்ட். இருவரும் அதே 2022 கிளாஸ். வீரர்களைப் பற்றிய மதிப்பீடு சரியாகத்தான் இருந்தது. அவர்களைச் சேர்த்து வைத்து ஓர் அணியாக்கும் வேலைக்கு ஸ்டார் பொறுப்பல்ல.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்குத் தனி ரேங்கிங் இருக்கிறதா?

இருக்கிறது. ஹைஸ்கூல் கிளாஸ், டிரான்ஸ்ஃபர் கிளாஸ், இரண்டும் சேர்த்த மொத்தம் என்று மூன்று பட்டியல் கிடைக்கும். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இந்தப் போர்ட்டல் 2018-இல் வந்தது. மாறிய உடனே ஆடலாம் என்ற அனுமதி 2021-இல் வந்த பிறகுதான் அது வெள்ளமானது. பிக் 12-ஐ ஹைஸ்கூல் பட்டியலில் மட்டும் பார்த்தால் பரிதாபமாகத் தெரியும். ஆனால் டெக்சஸ் டெக் 2025-இல் போர்ட்டலில் வாரிக்கொண்டு வந்த வீரர்களோடு பிக் 12 பட்டத்தை வென்றது. எஸ்இசி-யில் ரெக்ரூட்டிங்கில் பெரும்பாலும் கடைசியில் இருக்கும் வாண்டர்பில்ட், 2024 அக்டோபர் 5 அன்று அப்போது நம்பர் ஒன்னாக இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. அன்றைய குவார்ட்டர்பேக் டியகோ பவியா, நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்தவர். அதற்கு முன் ஜூனியர் காலேஜில் ஆடியவர்.

இந்தப் பட்டியல்களிலும் ஒரு குறை: வந்தவர்களை எண்ணுவார்கள், போனவர்களைப் பெரும்பாலும் கழிக்க மாட்டார்கள். கான்ஃபரன்ஸ் ஒப்பீட்டில் அந்தக் கழித்தலை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

சின்ன கான்ஃபரன்ஸ்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் வேறு நோக்கில். மவுன்டன் வெஸ்ட், சன் பெல்ட், அமெரிக்கன் போன்றவற்றுக்கு நான்கு ஸ்டார் வீரர் வருவதே அபூர்வம். அவர்களுடைய திறமை கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மூன்று ஸ்டாராக பாய்சி ஸ்டேட்டுக்கு வந்த ஆஷ்டன் ஜென்டி 2024-இல் 2,601 கெஜம் ஓடினார், ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாவது, என்எஃப்எல் டிராஃப்டில் 6-ஆவது இடம். அவர் கடைசி வரை பாய்சியை விட்டுப் போகவில்லை. எல்லோரும் அப்படி இருப்பதில்லை. இரண்டு வருஷம் நன்றாக ஆடினால் பெரிய கான்ஃபரன்ஸ் அழைத்துக்கொண்டுவிடும். சின்ன அணிகள் வளர்க்க, பெரிய அணிகள் அறுவடை செய்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஆனால் வீரனின் பக்கம் நின்று பார்த்தால் அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

பத்து வருஷத்துக்கு முந்தைய கான்ஃபரன்ஸ் ரேங்கிங்கோடு இன்றையதை ஒப்பிடலாமா?

அப்படியே ஒப்பிட முடியாது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் அன்று பிக் 12-இன் தூண்கள். யுஎஸ்சி, ஆரிகன், வாஷிங்டன், யுசிஎல்ஏ அன்று பேக்-12. அவை 2024-இல் பிக் டென்னுக்கும் மற்றவை வேறு கான்ஃபரன்ஸ்களுக்கும் போனதும் பேக்-12-இல் ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டே அணிகள் மிஞ்சின. ஆகவே பிக் டென் ரெக்ரூட்டிங் திடீரென்று உயர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எவ்வளவு உயர்வு புது உறுப்பினர்கள் கொண்டுவந்தது என்று கேளுங்கள். ஒன்று, இன்றைய உறுப்பினர்களை வைத்தே பழைய ஆண்டுகளையும் கணக்கிடுங்கள். அல்லது இரண்டு காலத்திலும் உள்ளே இருந்த அணிகளை மட்டும் எடுங்கள்.

பணம் வந்த பிறகு ரேங்கிங் மாறியதா?

மாறியது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய் 105 பேர் என்ற அணி வரம்பு வந்தது. முன்பு அலபாமாவில் மூன்றாம் வரிசையில் காத்திருக்கச் சம்மதித்த நான்கு ஸ்டார் பையன், இப்போது வேறு இடத்தில் பணமும் ஆட்டமும் இரண்டும் கிடைக்கும்போது காத்திருப்பதில்லை. உச்சியில் ஓரிரு அணிகளிடம் குவிந்திருந்த ஆள் பலம் பரவத் தொடங்கியிருக்கிறது. பட்டங்களின் விஷயத்தில் அது முதலில் தெரிந்தது, ரேங்கிங்கில் இப்போது தெரிகிறது.

எந்தத் தேதியில் பட்டியலைப் பார்ப்பது நல்லது?

கோடையில் பார்க்காதீர்கள். ஜூலையில் ஓர் அணிக்கு 25 பேர் சொல்லியிருப்பார்கள், இன்னொன்றுக்குப் பத்துப் பேர்தான். முதலாவது மேலே நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். டிசம்பர் முதல் புதனில் தொடங்கும் கையெழுத்து நாட்கள் முடிந்ததும் ஹைஸ்கூல் பட்டியல் ஏறக்குறைய முடிவாகிவிடும். பிப்ரவரி முதல் புதன் இன்னொரு வாய்ப்பு, ஆனால் 2017-இல் டிசம்பர் முறை வந்ததிலிருந்து அன்று மிஞ்சுபவர்கள் குறைவு. ஜனவரியில் போர்ட்டல் மூடிய பிறகு, பிப்ரவரி நடுவில் மூன்று பட்டியலையும் ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு வீரருக்கான சராசரி, நான்கு ஐந்து ஸ்டார் எண்ணிக்கை, வெளியே போனவர்கள் என்று மூன்று பத்தி போட்டால், நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களின் 67 அணிகளுக்கும் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.